கிணற்று நீர்மட்ட உணரியைச் சிறு கணினியுடன் பாதுகாப்பாக இணைத்தல்

முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாதும் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை ஆகிய பயிர்கள் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியே செய்கை பண்ணப்படுகின்றன. மாரி மழையின்போது சுண்ணாம்புக் கற்பாறையினூடே கீழிறங்கும் நன்னீர், நிலத்தின் அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆதலின் இவ்வாறு மிதத்தல் கூடுகின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருத்தல் கூடும் என்பது நிலநீர் அறிஞரின் கணக்காகும்.

இக்கணக்கின் மறுபக்கமே கமக்காரர் கவனித்தற்குரியது. மேலே நன்னீர் மட்டம் சிறிது தாழ்ந்தாலும், கீழேயுள்ள உவர்நீர் அதனிலும் பன்மடங்கு மேலெழ இடமுண்டாகின்றது. துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில், இறைப்போரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. நிறுத்துவார் இல்லாவிடின் அது கிணற்றின் அடிவரை இறைக்கும். பின்னர் நீரின்றி ஓடித் தானும் கெடும். உவர் ஏறிய கிணறு அடுத்த மாரியோடு திருந்திவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

ஆதலின், கிணற்றின் நீர்மட்டத்தை இடைவிடாது அளந்து, குறித்த மட்டத்துக்குக் கீழே நீர் தாழும்போது இயந்திரத்தை நிறுத்தும் ஏற்பாடு பெரும் பயன் தருவதாகும். தொழிற்சாலைகளில் தாங்கிகளின் நீர்மட்டத்தை அளப்பதற்கென ஆக்கப்பட்ட உணரிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. அவை நீரினுள் நெடுங்காலம் கிடந்து உழைக்கவல்லன. அவ்வுணரி தரும் செய்தியை வாசித்துக் குறித்து வைப்பதற்கு, 2012ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினி போதுமானது. பாடசாலை மாணவரும் இளங் கமக்காரரும் இதனைப் பயின்று கையாளுதல் எளிது.

எனினும், இவ்விரண்டையும் நேரே இணைத்தல் ஆகாது. தொழிற்சாலை உணரியும் சிறு கணினியும் வெவ்வேறு மின் அளவுகளில் இயங்குவன. அவற்றின் நடுவே தக்க தடுப்பு இல்லாவிடின் கணினி கெடும். சில வேளைகளில் கெட்டதென்று தெரியாமலே பிழையான செய்தியைத் தந்துகொண்டும் இருக்கும். பாதுகாப்பான இணைப்பு முறை இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

1. இரு கருவிகளின் வேறுபாடு

தொழிற்சாலை உணரிகள் பெரும்பாலும் 24 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவன. நீண்ட கம்பிகளில் ஏற்படும் இழப்பையும், மோட்டர்களால் எழும் மின் குழப்பத்தையும் தாங்குதற்பொருட்டே இவ்வளவு உயர்ந்த அழுத்தம் வழங்கப்படுகின்றது.

றாஸ்பெரி பை கணினியின் ஓரத்தில் 40 ஊசிமுனைகள் இரு வரிசைகளில் நிற்கின்றன. செய்தி வாங்கும் முனைகள் தாங்கக்கூடிய அழுத்தம் 3.3 வோல்ற்று மட்டுமே. 5 வோல்ற்றுத் தானும் அவற்றுக்குத் தீங்கு செய்யும். 24 வோல்ற்று என்பது அவற்றின் அளவுக்கு 7 மடங்கிலும் அதிகமாகும். மேலும், 3.3 வோல்ற்று வழங்கும் 1ஆம் முனைக்குப் பக்கத்திலேயே 5 வோல்ற்று வழங்கும் 2ஆம் முனை அமைந்துள்ளது. கம்பி ஓர் ஊசிக்கு விலகிப் பொருந்துவதே பழுதுக்குப் போதும்.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. இக்கணினியின் முனைகள் "உண்டு", "இல்லை" என்னும் இரு செய்திகளை மட்டுமே அறியும். நீர் 1 மீற்றரா, 2 மீற்றரா என்னும் அளவை அவை தாமாக அறியமாட்டா. அளவை அறிய வேண்டுமாயின், அழுத்தத்தை எண்ணாக மாற்றும் இலக்கமாற்றி என்னும் உறுப்பு ஒன்று இடையே வேண்டும்.

2. உணரியின் வகையை அறிதல்

உணரியை வாங்குமுன் அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள விபரச் சீட்டை வாசித்தல் வேண்டும். கமத்துக்குப் பயன்படுவன இரு வகையின.

(அ) ஆளி வகை. நீர் குறித்த மட்டத்தை அடைந்ததா இல்லையா என்பதை மட்டும் இவை அறிவிக்கும். இவற்றுள் மூன்று கம்பி உடையனவற்றில் வழக்கமாக மண்ணிறக் கம்பி நேர்முனைக்கும், நீலக் கம்பி மறைமுனைக்கும், கறுப்புக் கம்பி செய்திக்கும் உரியன. பி.என்.பி. எனக் குறிக்கப்பட்டவை செய்திக் கம்பியில் 24 வோல்ற்றை வெளிவிடும். என்.பி.என். எனக் குறிக்கப்பட்டவை செய்திக் கம்பியை மறைமுனையோடு சேர்க்கும்.

(ஆ) மின்னோட்ட வகை. இவை நீரின் உயரத்துக்கேற்ப 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டத்தைச் செலுத்தும். இரண்டே கம்பிகள் உண்டு. அவ்விரண்டின் வழியாகவே உணரி தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் பெறுகின்றது, செய்தியையும் அனுப்புகின்றது.

நிறத்தை மட்டும் நம்பி இணைத்தல் தவறு. விபரச் சீட்டு இல்லாத உணரியை வாங்காதிருத்தலே நன்று.

3. ஆளி வகை உணரியை இணைத்தல்

இரண்டு தடையிகளைக் கொண்டு 24 வோல்ற்றை 3.3 வோல்ற்றாகப் பிரித்துக் கொடுக்கும் முறையைச் சிலர் கைக்கொள்வர். அம்முறையில் உணரியும் கணினியும் ஒரே மின்பாதையிற் சேர்ந்துவிடுகின்றன. தடையி ஒன்றின் பற்றாசு விட்டுப்போனாலும், கம்பியில் மின்னலின் தாக்கம் ஏறினாலும் முழு அழுத்தமும் கணினியை அடையக்கூடும். ஆதலின் அது தவிர்க்கத்தக்கது.

ஒளி இணைப்பி என்னும் உறுப்பைப் பயன்படுத்துதலே சிறந்த முறையாகும். இதனுள் ஒரு பக்கத்தில் ஒளிகாலும் இருவாயி ஒன்றும், மறுபக்கத்தில் அவ்வொளியை உணரும் திரான்சிற்றர் ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஒளி மட்டுமே செல்லும்; மின்சாரம் செல்லாது. வேலி தாண்டி ஆட்கள் செல்லாமல் குரல் மட்டும் சென்று சேர்வதை இதற்கு ஒப்பிடலாம். பி.சி. 817 என்னும் ஒளி இணைப்பி மலிவானது. கடைகளில் எளிதிற் கிடைப்பது.

பி.என்.பி. உணரிக்கு இணைக்கும் முறை வருமாறு:

(அ) உணரியின் கறுப்புக் கம்பியை 4.7 கிலோ ஓம் தடையி ஒன்றினூடாக ஒளி இணைப்பியின் 1ஆம் காலுக்குக் கொடுக்க. 2ஆம் காலை 24 வோல்ற்று வழங்கியின் மறைமுனைக்குக் கொடுக்க. அப்போது ஏறக்குறைய 5 மில்லியம்பியர் ஓடும். ஒளி உண்டாவதற்கு இது போதும்.

(ஆ) 1ஆம், 2ஆம் கால்களுக்குக் குறுக்கே 1 என். 4148 என்னும் இருவாயியைத் தலைகீழாக, அதன் கோடிட்ட முனை 1ஆம் காலில் இருக்குமாறு, பொருத்துக. கம்பிகள் மாறிப் பொருந்தினும் ஒளி இணைப்பி கெடாது.

(இ) மறுபக்கத்தில், 4ஆம் காலைக் கணினியின் 11ஆம் முனைக்கும், 3ஆம் காலைக் கணினியின் 9ஆம் முனையாகிய பொது மறைமுனைக்கும் கொடுக்க. 4ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஒன்றை 3.3 வோல்ற்று வழங்கும் 1ஆம் முனைக்கு இணைக்க.

என்.பி.என். உணரியாயின், 24 வோல்ற்று நேர்முனையிலிருந்து தடையியினூடாக 1ஆம் காலுக்கும், 2ஆம் காலிலிருந்து கறுப்புக் கம்பிக்கும் இணைத்தல் வேண்டும். மற்றவை மேற்கூறியவாறே. இரு முறைகளிலும், உணரி செய்தி தரும்போது கணினியின் முனையில் அழுத்தம் தாழும் என்பதைச் செய்நிரல் எழுதுவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கணினியின் பொது மறைமுனையையும் 24 வோல்ற்று வழங்கியின் மறைமுனையையும் இங்கே ஒன்றாக இணைத்தல் கூடாது. இணைத்தால் வேலியால் பெற்ற பயன் இழக்கப்படும்.

4. மின்னோட்ட வகை உணரியின் இயல்பு

குழாயில் ஒழுக்கு இல்லையாயின், ஒரு முனையிற் புகும் நீரின் அளவே மறுமுனையில் வெளிவரும். குழாய் நீளமோ குறுகலோ என்பதால் அவ்வளவு மாறாது. மின்னோட்டமும் அத்தன்மையது. கிணற்றடியிலிருந்து வீடு வரை கம்பி நீண்டிருப்பினும், உணரி செலுத்தும் 12 மில்லியம்பியர், வீட்டிலும் 12 மில்லியம்பியராகவே வந்து சேரும். அழுத்தமாக அனுப்பப்படும் செய்தி கம்பியின் தடையால் குறைவுபடும். மின்னோட்டமாக அனுப்பப்படும் செய்தி அவ்வாறு குறைவுபடாது.

நீர் சிறிதும் இல்லாதபோது மின்னோட்டம் 0 ஆக இராமல் 4 மில்லியம்பியராக இருப்பதன் காரணம் அறிதற்குரியது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். வெறுமையும் 0, அறுந்த கம்பியும் 0 எனில் இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. வெறுமைக்கு 4 என வைத்தமையால், "நீர் இல்லை" என்பது வேறு, "செய்தி இல்லை" என்பது வேறு எனத் தெளிவாகின்றது.

5. மின்னோட்டத்தை எண்ணாக மாற்றுதல்

24 வோல்ற்று வழங்கியின் நேர்முனையிலிருந்து 50 மில்லியம்பியர் உருகி ஒன்றினூடாக உணரியின் நேர்க்கம்பிக்கும், உணரியின் மறைக்கம்பியிலிருந்து 150 ஓம் தடையி ஒன்றினூடாக வழங்கியின் மறைமுனைக்கும் சுற்று அமைத்தல் வேண்டும். 4 மில்லியம்பியர் ஓடும்போது அத்தடையியின் குறுக்கே 0.6 வோல்ற்றும், 20 மில்லியம்பியர் ஓடும்போது 3.0 வோல்ற்றும் தோன்றும். இவை 3.3 வோல்ற்றுக்கு உட்பட்டவை. தடையி நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேற்படாத பிழையுடையதாகவும், அரை வாற்றுக்குக் குறையாததாகவும் இருத்தல் நன்று. 250 ஓம் தடையி 5 வோல்ற்றுக் கருவிகளுக்கே உரியது. இங்கு அதனைப் பயன்படுத்தினால் 5 வோல்ற்றுத் தோன்றிப் பழுது விளையும்.

இவ்வழுத்தத்தை எண்ணாக மாற்றுவதற்கு ஏ.டி.எஸ். 1115 என்னும் இலக்கமாற்றி ஏற்றது. அதன் மின்வழங்கற் காலைக் கணினியின் 1ஆம் முனைக்கும், தரவுக் காலை 3ஆம் முனைக்கும், கடிகாரக் காலை 5ஆம் முனைக்கும், மறைக் காலை 9ஆம் முனைக்கும் இணைக்க. இவ்விலக்கமாற்றி 5 வோல்ற்றிலும் இயங்கும் என்று அதன் விபரத்தில் இருப்பதைக் கண்டு சிலர் 2ஆம் முனையிற் பொருத்துவர். அவ்வாறு செய்தால், பலகையிலுள்ள சிறு தடையிகள் வழியே 5 வோல்ற்று கணினியின் 3ஆம், 5ஆம் முனைகளை அடையும். 3.3 வோல்ற்றிலேயே அதனை இயக்குதல் வேண்டும்.

இலக்கமாற்றியை 4.096 வோல்ற்று வீச்சில் அமைத்தால், எண் ஒவ்வொன்றும் 0.125 மில்லிவோல்ற்றைக் குறிக்கும். 0 முதல் 5 மீற்றர் வரை அளக்கும் உணரிக்கு உரிய கணக்கு கீழே தரப்படுகின்றது.

நீர் 0 மீற்றர்: 4.0 மில்லியம்பியர், 0.60 வோல்ற்று, எண் 4,800.
நீர் 1.0 மீற்றர்: 7.2 மில்லியம்பியர், 1.08 வோல்ற்று, எண் 8,640.
நீர் 1.5 மீற்றர்: 8.8 மில்லியம்பியர், 1.32 வோல்ற்று; எண் 10,560.
நீர் 2.5 மீற்றர்: 12.0 மில்லியம்பியர், 1.80 வோல்ற்று; எண் 14,400.
நீர் 5.0 மீற்றர்: 20.0 மில்லியம்பியர், 3.00 வோல்ற்று, எண் 24,000.

மின்னோட்டத்திலிருந்து 4ஐக் கழித்து, எஞ்சியதை 5ஆற் பெருக்கி, 16ஆற் பிரித்தால் மீற்றரில் நீரின் உயரம் கிடைக்கும். உதாரணமாக, 9.6 மில்லியம்பியர் எனின் நீர் 1.75 மீற்றர் ஆகும். எண் 4,320க்குக் கீழே சென்றால் மின்னோட்டம் 3.6 மில்லியம்பியருக்குக் குறைந்துவிட்டதென்றும், 25,200க்கு மேலே சென்றால் 21 மில்லியம்பியரைக் கடந்துவிட்டதென்றும் கொள்க. இவ்விரண்டும் நீரின் அளவல்ல, பழுதின் அறிகுறிகள்.

6. காவல் உறுப்புகள்

மேற்கூறிய சுற்று உணரி நல்ல நிலையில் இருக்கும் வரைதான் பாதுகாப்பானது. கம்பியின் தோல் உரிந்து இரண்டு கம்பிகளும் தம்முள் ஒட்டிக்கொண்டால், 24 வோல்ற்று முழுவதும் 150 ஓம் தடையியின் மீது விழும். 160 மில்லியம்பியர் ஓடும். ஏறக்குறைய 4 வாற்று வெப்பம் எழுந்து தடையி கருகும். இலக்கமாற்றியின் வாயிலில் 24 வோல்ற்று நிற்கும். இதனைத் தடுப்பதற்கு மூன்று காவல்கள் வேண்டும்.

முதலாவது, முன்னர்க் கூறிய உருகி. அது உருகிச் சுற்றை அறுக்கும். எனினும் உருகி உருகுவதற்குச் சிறிது நேரம் செல்லும். அந்நேரத்துக்குள் இலக்கமாற்றி கெடலாம்.

இரண்டாவது, 150 ஓம் தடையிக்கும் இலக்கமாற்றியின் வாயிலுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையி ஒன்று. 24 வோல்ற்று வந்தாலும் இதனூடாக 2.4 மில்லியம்பியருக்கு மேற்பட ஓடமாட்டாது.

மூன்றாவது, வாயிலிலிருந்து 3.3 வோல்ற்று வழங்கற் கம்பிக்குப் பொருத்தப்படும் ஷொட்கி இருவாயி ஒன்று. பி.ஏ.ரி. 85 என்பது இதற்கு ஏற்றது. அதன் கோடிட்ட முனை 3.3 வோல்ற்றுப் பக்கம் இருத்தல் வேண்டும். மேலதிகமான அழுத்தம் இதன் வழியே வடிந்துவிடும். குளத்துக்கு வான் எவ்வாறோ, வாயிலுக்கு இவ்விருவாயி அவ்வாறாகும். இதற்குப் பதிலாக 3.3 வோல்ற்றுச் சேனர் இருவாயியைப் பொருத்துவோர் உண்டு. அது 3.3 வோல்ற்றை அடையுமுன்னரே சிறிது சிறிதாகக் கசியத் தொடங்குமாதலின், உயர்ந்த மட்டங்களில் அளவு பிழைபடும்.

வாயிலுக்கும் மறைமுனைக்கும் இடையே 0.1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைப் பொருத்தினால், மோட்டரின் மின் குழப்பம் பெரிதும் அடங்கும்.

இம்முறையில் 24 வோல்ற்று வழங்கியின் மறைமுனையும் கணினியின் பொது மறைமுனையும் 150 ஓம் தடையியின் அடியில், ஓர் இடத்தில் மட்டும், சேர்தல் வேண்டும். ஆகவே, ஒளி இணைப்பி தரும் தனிமை இங்கு இல்லை. கிணறு வீட்டுக்குப் புறம்பே தூரத்தில் இருப்பின், மின்னோட்டத் தனிப்படுத்தி என விற்கப்படும் கருவியை உணரிக்கும் 150 ஓம் தடையிக்கும் இடையே வைத்தல் மிக அவசியம். வெளிக் கம்பி வீட்டினுட் புகும் இடத்தில் மின்னற் காப்பு ஒன்றையும் பொருத்துக. இலங்கையில் பங்குனி, சித்திரை மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இடிமின்னல் அதிகமாதலின், இடி கேட்கத் தொடங்குமுன்னரே வெளிக் கம்பியைக் கழற்றி வைத்தல் நல்ல பழக்கமாகும். எந்தக் காப்பும் நேரே விழும் மின்னலைத் தாங்காது.

7. கிணற்றில் உணரியைப் பொருத்துதல்

நீர்மட்ட உணரி தன்மேல் நிற்கும் நீரின் அமுக்கத்தை அளக்கின்றது. வளியமுக்கமும் சேர்ந்து அளக்கப்படாமல் இருத்தற்பொருட்டு, அதன் கம்பியினுள்ளே மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று மேல்வரை செல்கின்றது. இக்குழாயின் மேல்முனையை மெழுகாலோ பசையாலோ அடைத்தல் கூடாது. நீர் புகவும் விடல் ஆகாது. கம்பியைக் கூர்மையாக மடித்தாலும் குழாய் நசுங்கிவிடும். மேல்முனை, மழை படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த பெட்டியில் முடிதல் வேண்டும்.

உணரியைச் சேற்றில் அமிழவிடாது, அடியிலிருந்து ஏறக்குறைய 30 சதமமீற்றர் உயரத்தில் தொங்கவிடுக. இறைக்கும் குழாயின் வாய்க்கு மிக அருகே வைத்தால் நீரின் இழுப்பால் அளவு தடுமாறும். உணரிக் கம்பியை மோட்டரின் மின்கம்பியோடு ஒரே குழாயிற் கொண்டுசெல்லல் ஆகாது. உறையிட்ட கம்பியாயின், அவ்வுறையை வீட்டுப் பக்கத்தில், ஒரு முனையில் மட்டும், புவியோடு தொடுக்க.

24 வோல்ற்று வழங்கி 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்திலிருந்து இயங்குவது. அதனைப் பொருத்துதலும், மோட்டரின் இணைப்புகளில் கைவைத்தலும் தகுதி பெற்ற மின்வினைஞரின் வேலைகளாகும். மாணவர் 24 வோல்ற்றுப் பக்கத்துடனும் அதற்குக் கீழுள்ளவற்றுடனும் நின்றுகொள்ளல் வேண்டும்.

8. கணினியை இணைக்குமுன் செய்யவேண்டிய சோதனை

கணினியை இறுதியாகவே இணைத்தல் வேண்டும். அதற்குமுன் பல்மானி கொண்டு பின்வருமாறு சோதிக்க:

(அ) கணினியும் இலக்கமாற்றியும் கழற்றப்பட்ட நிலையில், 24 வோல்ற்று வழங்கியின் அழுத்தத்தையும் முனைகளையும் அளந்து உறுதி செய்க.

(ஆ) மின்சாரத்தை நிறுத்தி, உணரியையும் 150 ஓம் தடையியையும் பொருத்தி, மீண்டும் மின்சாரம் கொடுக்க. உணரி நீருக்கு மேலே தொங்கும்போது தடையியின் குறுக்கே 0.6 வோல்ற்று இருத்தல் வேண்டும்.

(இ) உணரிக் கம்பியில் அரை மீற்றருக்கு ஓர் அடையாளம் இட்டு, படிப்படியாக நீரில் இறக்குக. ஒவ்வோர் அரை மீற்றருக்கும் 0.24 வோல்ற்றுக் கூடுதல் வேண்டும். இவ்வாறு கூடாவிடின் உணரியின் வீச்சு வேறு. கணக்கையும் அதற்கேற்ப மாற்றுக.

(ஈ) உணரியைக் கழற்றி, அதன் இரு கம்பிகளும் சேரவேண்டிய இடங்களைச் சிறிது நேரம் ஒன்றோடொன்று தொடுக்க. உருகி அறுகின்றதா எனப் பார்க்க. இதன்பொருட்டு மேலதிக உருகிகளை வைத்திருத்தல் வேண்டும்.

(உ) புதிய உருகியைப் பொருத்தி, 10 கிலோ ஓம் தடையிக்கு அப்பாலுள்ள வாயிலில் 3.3 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எந்நிலையிலும் இல்லை என்பதைக் கண்டபின், யாவற்றையும் மின் நிறுத்தி இணைக்க. முதலிற் கணினிக்கும், பின்னர் உணரிக்கும் மின்சாரம் கொடுக்க.

மின்னோட்டம் அளந்த பல்மானியின் கம்பியை அதே துளையில் விட்டு, அடுத்து அழுத்தம் அளக்க முற்படுவது பலரும் செய்யும் தவறு. அப்போது பல்மானியே குறுக்குக் கம்பியாகிவிடும்.

9. இயந்திரத்தை நிறுத்தும் ஏற்பாடு

கணினியின் முனை மோட்டரையோ அதன் கொன்ராக்டரையோ நேரே இயக்கவல்லதன்று. அது றிலே ஒன்றை இயக்க, றிலே கொன்ராக்டரை இயக்குதல் வேண்டும். இங்கு ஒரு விதி தலையாயது: இயந்திரம் ஓடுவதற்குக் கணினியின் அனுமதி வேண்டும்; நிற்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அஃதாவது, கணினி உயிரோடிருந்து, அளவு சரியெனக் கண்டு, றிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மட்டுமே இயந்திரம் ஓடல் வேண்டும். மின்தடையால் கணினி நின்றாலும், செய்நிரல் உறைந்தாலும், உணரியின் கம்பி அறுந்தாலும் றிலே விடுபட்டு இயந்திரம் நின்றுவிடல் வேண்டும்.

மலிவான றிலேப் பலகைகள் பலவற்றில், முனையில் அழுத்தம் தாழும்போதே றிலே பிடிக்கும். அத்தகைய பலகை, கணினி மீளத் தொடங்கும் வேளையில் தானாக இயந்திரத்தை ஓடவிடக் கூடும். அழுத்தம் உயரும்போது பிடிக்கும் பலகையையே தெரிதல் வேண்டும். செய்நிரல் உறைந்தால் கணினியைத் தானாக மீளத் தொடக்கும் காவல் நேரங்காட்டி றாஸ்பெரி பையினுள்ளே அமைந்துள்ளது, அதனை இயங்கவைக்க.

நிறுத்தும் மட்டமும் மீண்டும் தொடங்கும் மட்டமும் ஒன்றாக இருத்தல் கூடாது. ஒன்றாக இருப்பின் இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடி மோட்டர் சூடேறும். உதாரணமாக, 1.0 மீற்றரில் நிறுத்தி 1.5 மீற்றரில் தொடங்கலாம். எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பது கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். நீர் தாழத் தாழ உவர்த்தன்மை எவ்வாறு ஏறுகின்றது என்பதை மின்கடத்துதிறன் மானியால் அளந்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையோடு அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.

இவையெல்லாம் செய்தபின்னும் கணினியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. நிறுத்தும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதவை ஆளி ஒன்றைத் தொங்கவிட்டு, அதனைக் கொன்ராக்டரின் சுற்றிலேயே மின்வினைஞரைக் கொண்டு தொடராகப் பொருத்துக. கணினி தவறினும் மிதவை தவறாது நிறுத்தும்.

10. குறைகளும் அவற்றின் காரணங்களும்

எண் எப்போதும் 0ஐ அண்டியிருத்தல்: உருகி அறுந்திருக்கலாம், உணரியின் கம்பிகள் மாறியிருக்கலாம், கம்பி துண்டுபட்டிருக்கலாம்.

எண் 26,000க்கு மேல் அசையாது நிற்றல்: கம்பிகள் ஒட்டியிருக்கலாம். உடனே 24 வோல்ற்றை நிறுத்துக.

மோட்டர் ஓடும்போது மட்டும் எண் துள்ளுதல்: உணரிக் கம்பி மோட்டர்க் கம்பிக்கு அருகே செல்கின்றது, அல்லது உறை இரு முனைகளிலும் தொடுக்கப்பட்டுள்ளது. பல அளவுகளை எடுத்து நடு அளவைக் கொள்ளுதலும் உதவும்.

நீர் மாறாதிருக்க அளவு நாள்தோறும் மெல்ல மாறுதல்: காற்றுக் குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது உணரியின் முகத்திற் சேறு படிந்திருக்கலாம்.

முடிவுரை

தொழிற்சாலை உணரியும் சிறு கணினியும் தனித்தனியே நல்ல கருவிகள். அவற்றை இணைக்கும் இடத்திலேதான் அபாயம் உள்ளது. அழுத்தத்தை அளந்தபின்னரே இணைத்தல், இரண்டுக்கும் நடுவே தடுப்பு வைத்தல், செய்தி வராமையை அபாயமாகவே கொள்ளுதல் ஆகிய மூன்றையும் கைக்கொண்டால் அவ்வபாயம் பெரிதும் நீங்கும். சில சிறு உறுப்புகளுக்குச் செலவிடும் பணமும், ஒரு நாட் சோதனைக்குச் செலவிடும் நேரமும் கணினியைக் காப்பதோடு நில்லாது, மோட்டரையும் காக்கும். எல்லாவற்றினும் மேலாகக் கிணற்றின் நன்னீரைக் காக்கும். கெட்ட கணினிக்குப் பதிலாக வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். உவர் ஏறிய கிணற்றுக்குப் பதிலாக வாங்கத்தக்கது யாதும் இல்லை.